டபள் கெப் வாக்குவாதத்தில் யாரும் பேசாத பாகங்கள்

கொழும்பில் டபள் கெப் (இரண்டு வரிசை ஆசனமும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப்) வைத்திருக்கும் நாலு பேர் ஒன்றாக நின்றால் பேச்சு எங்கே போகும் என்று சொல்லவே தேவையில்லை. டொயோட்டா ஹைலக்ஸ்காரர் விற்கும்போது கிடைக்கும் விலையைச் சொல்வார். மிட்சுபிஷி எல் 200 வைத்திருப்பவர் ஒடுங்கிய ஒழுங்கையிலும் வளைத்துத் திருப்பலாம் என்பார். இசுசு டி-மெக்ஸ்காரருக்கு என்ஜினின் உழைப்பு, நிசான் நவாராக்காரருக்குச் சொகுசு, ஃபோர்ட் ரேஞ்சர்காரருக்கு இழுவை. எல்லாமே நியாயமான பெருமைகள்தான். ஆனால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. அதனால் இன்று கைமாறும் கெப்களில் பல பத்து வயதைத் தாண்டியவை. அந்த வயது வண்டியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, பொனட்டுக்குள் எந்த என்ஜின் இருக்கிறது என்பது.

விகோ என்று நாம் சொல்லும் ஹைலக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 லீற்றர் 2கேடி, 3.0 லீற்றர் 1கேடி என்ற இரண்டு என்ஜின்களிலும் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டி. மாற்றும் தூரம் வந்ததும் டாஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியும். பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை அணைத்துவிட முடியும். ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள். மாற்றிய பில்லைக் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்.

1கேடியில் இதைவிடப் பெரிய வில்லங்கம் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் சிறிய செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு மேல்மூடிக்குள் ஏறி, கரி ஒயிலோடு கலந்து, சம்பின் (ஒயில் தட்டின்) அடியில் ஒயிலை உறிஞ்சும் வலையை மெல்ல மெல்ல அடைக்கும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒயில் விளக்கு எரியும். அதற்குள் பெயரிங்குகள் போயிருக்கும். என்ஜின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ் புஸ்' என்று தாளத்தோடு பலமாக அடித்தால் சந்தேகப்படவேண்டும். வாஷரை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுக்கும் கராஜ்கள் உண்டு. சம்பைக் கழற்றி வலையையும் பார்க்கச் சொல்லுங்கள், வேலை பாதியில் நிற்கக்கூடாது.

எல் 200-இன் 4டி56 என்ஜினில் பெல்ட் இரண்டு. வெளியே தெரிவது டைமிங் பெல்ட். அதற்குப் பின்னால், என்ஜினின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டைச் சுற்றும் சின்னப் பெல்ட் ஒன்று ஒளிந்திருக்கிறது. காசு மிச்சம் என்று பெரியதை மட்டும் மாற்றினால், சின்னது அறுந்து பெரியதற்குள் சிக்கி வால்வுகளையும் ரொக்கர்களையும் உடைக்கும். ஒரு லட்சம் கிலோமீற்றருக்குள் இரண்டையும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களோடு சேர்த்து மாற்றுங்கள். நவாராவின் 2.5 வைடி25-இல் பெல்ட் இல்லை, செயின். 'செயின் என்றால் ஆயுளுக்கும் போதும்' என்று விற்பவர் சொல்வார். 2010-க்கு முந்தியவற்றில் மேல்செயின் ஒற்றை வரிசை. அது தேய்ந்து நீளும். என்ஜினின் முன்பக்கத்திலிருந்து உரசும் இரைச்சல் வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள்.

2011-இல் வந்த தலைமுறை ரேஞ்சரின் 2.2, 3.2 என்ஜின்களில் கவனிக்கவேண்டியது ஒயில் மாற்றும் முறை. ஒயிலை வடியவிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வரும் பழக்கம் நம் கராஜ்களில் சாதாரணம். இந்த என்ஜின்களில் அது கூடாது. வடியவிட்ட பத்து நிமிடத்துக்குள் புது ஒயில் ஊற்றவேண்டும். தாமதித்தால் பம்புக்குள் காற்றுப் புகுந்து, ஸ்டார்ட் செய்தபின் ஒயில் மேலே ஏறாமல் என்ஜின் இறுகிவிடலாம். அதே காலத்து மஸ்டா பீடி-50-க்கும் இது பொருந்தும், என்ஜின் ஒன்றுதான். 2020-க்குப் பிறகு வந்த பீடி-50-ஓ டி-மெக்ஸின் உடன்பிறப்பு.

உடன்பிறப்பு என்றதும் இன்னொன்று. மேலே சொன்ன ஹைலக்ஸ், எல் 200, நவாரா, டி-மெக்ஸின் 3.0 லீற்றர் 4ஜேஜே1, எல்லாவற்றுக்கும் டீசல் பம்ப் செய்தது டென்சோ என்ற ஒரே கம்பனி. அதனால் நோயும் ஒன்றே: ஐட்லிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது சக்தி திடீரென்று விழும். உடனே 'பம்ப் போச்சு' என்று பெரிய கணக்குச் சொன்னால் நில்லுங்கள். பம்பில் பொருத்தியிருக்கும் எஸ்சிவி என்ற சிறிய வால்வையும் டீசல் ஃபில்டரையும் முதலில் பார்க்கவேண்டும். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைத் திருகாணியைத் தளர்த்தி அடிக்கடி வெளியேற்றினால் இந்த வால்வின் ஆயுள் கூடும்.

நான்கு சக்கர இயக்கத்தில்தான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள். மழை பெய்தால் 4ஹெச் (நான்கு சக்கரமும் இயங்கும் நிலை) போட்டு கொழும்பு காலி வீதியில் போவது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஹைலக்ஸ், டி-மெக்ஸ், நவாரா, ரேஞ்சர் ஆகியவற்றின் பார்ட்-டைம் (தேவைப்படும்போது மட்டும் போடும்) அமைப்பில் 4ஹெச் போட்டதும் முன் பின் ஷாஃப்டுகள் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். திருப்பத்தில் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்யும். பிடிப்புள்ள தாரில் அந்த முறுக்கு முழுவதும் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இறங்கும். சூப்பர் செலக்ட் என்ற அமைப்பு உள்ள எல் 200 மட்டும் இதற்கு விலக்கு, அதில் முன் பின் ஷாஃப்டுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரென்ஷியல் இருக்கிறது. ஆனால் எல்லா எல் 200-இலும் அது இல்லை. குமிழில் '4ஹெச்எல்சி' என்ற நிலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதுவும் மற்றவை போலத்தான். மறுபக்கம், ஒருபோதும் போடாமலே வைத்திருந்தாலும் இணைக்கும் பொறிமுறை இறுகிவிடும். மாதம் ஒருமுறை கிரவல் பாதையில் சிறிது தூரம் ஓட்டுங்கள்.

பாரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 'ஒரு டன்' என்பார்கள். அந்த ஒரு டன்னுக்குள் ஆட்களும் அடக்கம். ஐந்து பேர் 350 கிலோ, கனொபி (தட்டின் மேல்மூடி), முன் இரும்பு எல்லாம் 120 கிலோ என்றால் மிஞ்சுவது 530. அதாவது 50 கிலோ சீமெந்து பத்து மூட்டை. அதையும் கெபினை ஒட்டி முன்னால் அடுக்கவேண்டும், பின்கதவுப் பக்கம் குவித்தால் கெபினுக்குப் பின்னால் சசி (அடிச்சட்டம்) வளையும். கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டு உயர்த்தும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. பழைய கெப்களில் பின் அக்சிலோடு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று, பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும். பின்பக்கம் உயர்ந்தால் அது வண்டி வெறுமையாக இருப்பதாக எடுத்துக்கொண்டு பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்தினால் அந்தக் கம்பியையும் கட்டாயம் சரிசெய்யச் சொல்லுங்கள்.

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதைக் கண்டவர்களுக்குத் தண்ணீர் ஆழம் பற்றிய போட்டி விளங்கும். ரேஞ்சருக்கு 800 மில்லிமீற்றர், ஹைலக்ஸுக்கு 700 என்று கம்பனிகள் சொல்லும் அளவு, நடை வேகத்தில் போனால் மட்டுமே. தண்ணீருக்குள் என்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுகமாகக் கடந்து வந்தாலும் முடிந்துவிடவில்லை. சூடான டிஃபரென்ஷியல் தண்ணீரில் குளிரும்போது பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒரு வாரத்துக்குள் முன், பின் இரண்டு டிஃபரென்ஷியலின் மேல்நட்டையும் திறந்து ஒயிலைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். சில நாள் ஓட்டியபின் மறுபடி திறந்து பார்த்து, நிறம் தெளியவில்லை என்றால் இன்னொரு முறையும் மாற்றவேண்டும்.