பிரிட்டன் வேலையை விட்டு ஊர் திரும்பியவரா? சம்பளத்தில் பிடித்த வரியைக் கேட்டு வாங்குங்கள்

லண்டனிலோ மான்செஸ்டரிலோ படித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்து, விசா முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். சம்பளத்தில் பிடித்த வருமான வரியில் தங்களுக்குத் திரும்ப வர வேண்டியதும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. அதைக் கேட்க அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டியதில்லை.

அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடியும். ஓர் ஆண்டில் 12,570 பவுண்டு வரை வரி கிடையாது. 2021-22 முதல் இதே தொகைதான். இந்தச் சலுகையை 12 மாதத்துக்கும் பிரித்து, மாதத்துக்கு 1,047 பவுண்டு சொச்சம் கழித்துக்கொண்டு, மீதிச் சம்பளத்துக்கு வரி பிடிக்கிறார்கள். வருடம் முழுக்க வேலை பார்ப்பீர்கள் என்ற கணக்கு அது. நடுவில் கிளம்பிவிட்டால் மிச்ச மாதங்களின் சலுகை அப்படியே நிற்கும்.

மாதம் 2,500 பவுண்டு சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதக் கணக்கில் மாதம் சுமார் 290 பவுண்டு வரி போகும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து சம்பளம் வாங்கிவிட்டு ஊர் வந்தால் பிடித்த வரி 1,450 பவுண்டு. அந்த வரி ஆண்டில் உங்கள் மொத்தச் சம்பளமோ 12,500-தான். வேறு வருமானம் இல்லையென்றால், பிடித்தது முழுவதும் உங்கள் பணம். மார்ச் கடைசியில் கிளம்பியவருக்கு இப்படிப் பெரிதாக எதுவும் வராது. தொகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிளம்பும் மாதம்தான். பகுதிநேர வேலையில் 'பிஆர்' என்ற வரிக் குறியீடு போட்டு முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடித்திருந்தால், அந்தப் பேஸ்லிப்புகளையும் எடுத்துப் பாருங்கள்.

வேலையை விடும்போது நிறுவனம் 'பி45' என்ற தாளைத் தரும். அதுவரை வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் அதில் இருக்கும். தொலைத்தால் மறுபிரதி கிடையாது. பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். பிறகு அந்நாட்டு வரித்துறையான எச்எம்ஆர்சி-க்கு 'பி85' படிவம் அனுப்ப வேண்டும். இணையத்திலும் செய்யலாம், அச்செடுத்துத் தபாலிலும் அனுப்பலாம். பி45-இன் 2, 3 பகுதிகள் இதற்குத் தேவை. சுயமாக ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும் பி85 கிடையாது. அவர்கள் அந்தக் கணக்கிலேயே கேட்க வேண்டும்.

ஊர் வந்து வருடமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. 2022-23-க்கு 2027 ஏப்ரல் 5 வரை கேட்கலாம். நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவாகப் பிடித்த தொகை வேறு. ஊர் திரும்பியதற்காக அது திரும்பாது.

பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். விமான டிக்கெட் போட்ட கையோடு கணக்கையும் முடித்துவிட்டு, பிறகு தவிப்பவர்கள் உண்டு. இந்த விண்ணப்பத்துக்கு எச்எம்ஆர்சி கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. வருவதில் பங்கு கேட்கும் முகவர்களிடம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. 'உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. எச்எம்ஆர்சி அப்படி அனுப்பாது.

இந்தியா திரும்பியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு கடைசியில் வந்து இங்கேயே தங்கிவிட்டால், மார்ச் 31-க்குள் 182 நாள் தாண்டிவிடும். அந்த நிதியாண்டுக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். இரண்டு மூன்று வருடம் மட்டும் வெளியே இருந்தவர், அந்த ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான பிரிட்டன் சம்பளத்தையும் இங்கே வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அங்குள்ள வங்கிக் கணக்கையும் தெரிவிக்க வேண்டும். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் ரீஃபண்டாகத் திரும்பி வந்த வரிக்கு அந்தக் கழிவைக் கேட்க முடியாது.