வறுத்ததா, வாட்டியதா, சுட்டதா?

மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் ஒரு சாலையோரக் கோழிக்கடை. மதியச் சாப்பாட்டு நேரம். முதுகுப் பக்கம் பிளந்து விரித்த முழுக்கோழிகள் இரும்புக் கம்பித்தட்டின்மேல் வரிசையாகக் கிடக்கின்றன. கீழே கரி கனன்றுகொண்டிருக்கிறது. கொழுப்பு சொட்டும்போதெல்லாம் குப்பென்று புகை எழுகிறது. கடைக்காரர் இடுக்கியால் ஒரு கோழியைத் திருப்பிப் போடுகிறார். திரையின் அடியில் தமிழ் வரி வருகிறது: "வறுத்த கோழி."

எங்கே வறுத்தார்கள்? சட்டி இருக்கிறதா, கரண்டி இருக்கிறதா? பயண நிகழ்ச்சிகளில் இந்த வரியை எத்தனை தடவை பார்த்தாயிற்று!

அங்கே பேசும் ஸ்பானிய மொழியில் அதன் பெயர் போயோ அசாதோ. (இரட்டை 'எல்' அவர்கள் வாயில் 'ய' ஆகிவிடும். 'பொல்லோ' என்று எழுதுவது தனித் தொல்லை.) போயோ, குஞ்சு என்று பொருள்படும் லத்தீன் புல்லுஸ் வழி வந்தது. அசாதோ, அசார் என்ற வினையிலிருந்து. அதற்கு மூலம் லத்தீன் அஸ்ஸாரே, அதாவது நெருப்பில் சுடுவது. கரியில் சுட்டதென்று அழுத்திச் சொல்ல 'அல் கார்போன்' என்று சேர்ப்பார்கள். அதைக் "கார்பன் கோழி" ஆக்கிய புண்ணியவானும் உண்டு. சினலோவாவின் குவாசாவே ஊரில் 1975-ல் தொடங்கிய எல் போயோ லோக்கோ கடை 1980-ல் லாஸ் ஏஞ்சலஸ் வரை போய்விட்டது. ஆகவே இந்தச் சொல் நம் மொழிபெயர்ப்பாளர்களைச் சும்மா விடப்போவதில்லை.

வறுப்பது என்றால் சட்டியில் போட்டுக் கிளறுவது. கடலை வறுப்போம், ரவை வறுப்போம். கோழி வறுவல் என்று நமக்கே ஒரு பண்டம் இருக்கிறது. மசாலா சுண்டி, கறிவேப்பிலை மொறுமொறுத்துக் கிடக்கும். "வறுத்த கோழி" என்றதும் அதுதான் கண்முன் வரும்.

சரி, 'கிரில்' என்றே விட்டுவிடலாமா? அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் பின்னல் தட்டி. ஜன்னல் கிரில் என்கிறோமே, அந்தப் பொருள்தான். ஆனால் தமிழ்நாட்டில் கிரில் சிக்கன் என்றால் கடை வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோத்துச் சுற்றும் கோழி, தொட்டுக்கொள்ள மயோனைஸ். அதில் பின்னலும் இல்லை, தட்டும் இல்லை.

தனித்தமிழ் நண்பர்கள் 'வாட்டிய கோழி' என்கிறார்கள். இவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. வாட்டுவது லேசாக அனல் காட்டுவது. பொட்டலம் கட்ட வாழையிலையை வாட்டுகிறோம். இலை துவளும், கிழியாது, அவ்வளவுதான்; அது வெந்துவிடுவதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சைச் சாற்றில் பூண்டோடு ஊறி, எலும்பருகே வரை வெந்து, தோல் ஆங்காங்கே கருகி இறங்கும் கோழியைப் போய் வாட்டியது என்றால், பாதி வெந்ததைப் பரிமாறிவிட்டார்கள் என்றல்லவா தோன்றும்? தூய்மை இருந்தால் போதுமா, கறி வேகவேண்டாமா?

'சுட்ட கோழி'தான் சரி. உடனே சிரிக்கிறார்கள்: "திருடின கோழியா, துப்பாக்கியால் சுட்டதா?" சுட்ட அப்பளம் சாப்பிடும்போது யாராவது அப்படிக் கேட்டதுண்டா? சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்துப் பிசையும்போது? ஔவையிடம் சுட்ட பழமா சுடாத பழமா என்று முருகன் கேட்ட கதை தெரிந்த ஊரில் இந்தச் சொல்லுக்கு இப்படி வெட்கப்படவேண்டியதில்லை. தோசையும் சுடுகிறோம், எண்ணெயில் வடையும் சுடுகிறோமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது மாவுப் பண்டத்துக்கு. கறி, கிழங்கு, கருவாடு என்று வந்தால் சுட்டது நெருப்பில்தான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் விருந்திலேயே "காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை" வந்துவிடுகிறது: இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகள். சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி ஒதுக்கித் தின்கிறார் பொருநர். இவ்வளவு பழைய சொல்லை வீட்டில் வைத்துக்கொண்டு புதுச்சொல் தேடுகிறோம். கரியையும் சொல்லவேண்டுமானால் 'தணலில் சுட்ட கோழி' என்று போடலாம்.

அப்புறம் அந்தக் கரி. கடைக்காரர் மெஸ்கீத்தே என்கிறார். அடியில் "மெஸ்கைட் என்னும் அரிய மரம்" என்று வருகிறது. அரிய மரமாம்! நம்மூரில் ஒழிக்கமுடியாமல் திண்டாடும் சீமைக் கருவேலத்தின் பங்காளி அது. ராமநாதபுரத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்களே, அதே இனம். 'சீமைக் கருவேலக் கரி' என்று போட்டிருந்தால் பார்க்கிறவருக்குப் புகையின் வாசனையே வந்திருக்கும். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைப் புரட்டுமுன் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் என்ன?

கடைசியில் கோழியைக் கத்தியால் துண்டுபோட்டு, தோர்த்தியா என்னும் மக்காச்சோள ரொட்டியோடு வைத்தார்கள். ஓரத்தில் பொடியாக நறுக்கிய தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை. அதன் பெயர் பிகோ தெ காயோ. தமிழ் வரி: "சேவலின் அலகுடன் பரிமாறப்படுகிறது." அதற்குமேல் நான் பார்க்கவில்லை.