இரண்டாம் நிலை அதிர்ச்சியா, படர்வடுவா?

மெய்ப்புப் பார்க்க வந்த துண்டறிக்கையில் ஒரு வரி: 'மூத்த வீரர்களின் குடும்பத்தினர் இரண்டாம் நிலை அதிர்ச்சிக்கு உள்ளாகக்கூடும்.' போரிலிருந்து திரும்பியவரின் மனக்காயம் வீட்டாரையும் பற்றுவதை ஆங்கிலத்தில் 'செகண்டரி டிராமா' என்கிறார்கள்; அதன் தமிழாக்கம்தான் இது. இந்த 'இரண்டாம் நிலை அதிர்ச்சி' என் கண்ணில் படுவது நான்காவது தடவை. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ முதல் நிலை அவங்களுக்கு எப்ப வந்துச்சு?" என்றார். நியாயமான கேள்விதான்.

சொல்லின் வேரைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். டிராமா கிரேக்கச் சொல்; காயம் என்று பொருள். உடற்காயத்தைக் குறித்தது பிற்பாடு மனத்துக்கும் வந்தது. முதல் உலகப் போரில் படையாட்களின் இந்தத் துன்பத்தை 'ஷெல் ஷாக்' என்றார்கள். சார்லஸ் மையர்ஸ் 1915இல் மருத்துவ இதழில் எழுதிய பெயர் அது. வியட்நாம் போர் முடிந்தபின், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பிடிஎஸ்டி, அதாவது கொடும் அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனக்கோளாறு, ஏறியது. அந்த வீரர்களின் மனைவி மக்களைக் கவனித்தவர்கள்தான் செகண்டரி டிராமா என்று பேசத் தொடங்கினார்கள்.

'ஷாக்' என்றிருந்த காலத்தில் அதிர்ச்சி பொருந்தியிருக்கும். மருத்துவர்களே கைவிட்ட பெயரை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அதிர்ச்சி என்பது சட்டென்று வந்து சற்று நேரத்தில் அடங்குவது. நாளிதழில் நாளுக்குப் பத்து 'அதிர்ச்சித் தகவல்' வருகிறது.

போரிலிருந்து திரும்பியவரின் வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூங்கும் கணவரை மனைவி தொட்டு எழுப்புவதில்லை; கை ஓங்கியபடியே எழுந்திருக்கிறார் என்பதால், கால்மாட்டில் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பிள்ளை நாற்காலியை இழுப்பதில்லை, தூக்கி வைக்கிறது. எதுவும் திடீரென்று நடந்துவிடக் கூடாது என்றுதான் அங்கே எல்லோரும் பாடுபடுகிறார்கள். அதற்குப் பெயர் அதிர்ச்சியாம்!

ஈழத்தில் உளவளத்துணையாளர்கள் பல்லாண்டாகப் புழங்கும் 'மனவடு' நல்ல சொல். வடு ஆறிய புண்ணின் தழும்புதானே, இது ஆறாததாயிற்றே என்று ஒரு நண்பர் மடக்கினார். தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவர் சொன்னபோது ஆறாததற்குத்தான் வடு என்று பேர் வைத்தார். மனப்புண் என்றும் சொல்லலாம்தான். ஆனால் யாராவது முகத்திலடித்தாற்போலப் பேசினாலே நமக்கு மனம் புண்பட்டுவிடுகிறது. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

அடுத்தது 'இரண்டாம் நிலை'. புற்றுநோயில் இரண்டாம் நிலை என்றால் முற்றிக்கொண்டு வருகிறது என்று பொருள். இங்கே முற்றவில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. போருக்கே போகாத பிள்ளைக்குக் கெட்ட கனவு வருகிறது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சரி, 'தொற்று அதிர்ச்சி' என்கிறார்களே? அது இன்னும் மோசம். அப்பாவைக் கிருமி ஆக்கிவிடுகிறது.

நான் 'படர்வடு' என்பேன். கொடி படர்வதுபோல் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்கிறது. பழந்தமிழில் படர் என்றாலே துன்பம். குறளில் 'படர்மெலிந்திரங்கல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. புதுச்சொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'வீரரின் மனவடு வீட்டாரையும் பற்றுவது' என்று நீட்டி எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை.

அதே துண்டறிக்கையில் இன்னொன்று: அந்த வீரர்களிடம் 'மிகை விழிப்புணர்வு' காணப்படுமாம். விழிப்புணர்வு என்றால் பேரணியும் பதாகையும்தானே நினைவுக்கு வரும்? வாசலைப் பார்த்த இருக்கையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பவர் எந்நேரமும் உஷாராக இருக்கிறார், அவ்வளவுதான். உணர்ச்சி செத்த நிலையை 'உணர்வு மந்தம்' என்று எழுதியிருந்தார்கள். 'மரத்துப்போதல்' என்ற சொல் கையருகிலேயே கிடக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிற நேரத்தில் பாதியாவது அந்த மாதிரி வீட்டில் யாராவது எப்படிப் பேசுவார்கள் என்று யோசிக்கலாம். 'மூத்த வீரர்' என்பதும் தப்பு. இருபத்துநான்கு வயதில் படையை விட்டு வந்தவர் எப்படி மூத்தவர்? முன்னாள் படைவீரர்.

எல்லாவற்றையும் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்த படியில் 'மூத்த' போயிருந்தது. 'இரண்டாம் நிலை அதிர்ச்சி' தலைப்புக்கே ஏறியிருந்தது.