அன்ரெனாவை ஹெலிகொப்டரை நோக்கி நீட்டாதீர்கள்

கோண்டாவில் வாசகர் ஒருவர், தம் மகனின் சிறிய ஹெலிகொப்டர் விறாந்தையில் சொன்னபடி கேட்பதாகவும், திறந்த வெளியில் சற்று உயர ஏறியதும் றிமோட்டுக்குக் கட்டுப்படாமல் விழுந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். அயலவர் யோசனைப்படி நாவூறு கழித்தும் பார்த்தார்களாம். இத்தகைய றிமோட் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் வேலை செய்யும் ஆற்றல் நாவூற்றுக்கு இருப்பதாக நான் நம்பவில்லை. எனவே பற்றரியையும் அன்ரெனாவையும் பார்ப்போம்.

பற்றரியின் கதை சுருக்கமானது. இத்தகைய பொம்மைகளில் உள்ள ஒற்றை லிதியம் கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ற்றைத் தரும். பழைய கலத்தின் அகத்தடை அதிகம் என்பதால், மோட்டர் திடீரென வேகமெடுத்து மின்னோட்டத்தை இழுக்கும் கணத்தில் வோல்ற்றளவு சரிந்து, ஹெலிகொப்டரில் சிக்னலை வாங்கும் றிசீவர் அணைந்து மீண்டும் தொடங்கும். பார்ப்பவருக்கு அது சிக்னல் அறுந்ததுபோலவே தோன்றும். ஏறும்போது மட்டும் கோளாறு வருகிறதென்றால் முதலில் புதிய கலம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

அன்ரெனாவில்தான் உண்மையான அழகு இருக்கிறது. ஹெலிகொப்டர் தூரம் போகப் போக நம்மில் பலர் றிமோட்டின் அன்ரெனாக் குச்சியை, துப்பாக்கி பிடிப்பதுபோல, அதை நோக்கி நீட்டுகிறோம். ஆனால் குச்சியின் நுனி காட்டும் திசையில்தான் அலை மிகக் குறைவாகப் போகிறது. குச்சிக்குள் இருக்கும் கம்பியில் இலத்திரன்கள் கம்பியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாக, செக்கனுக்கு ஏறத்தாழ 240 கோடி தடவை அலைகின்றன. அந்த அலைவைப் பக்கவாட்டில் நிற்பவரே முழுமையாகக் காண்பார். கம்பியின் முனைக்கு நேரே நிற்பவருக்கு இலத்திரன் இடமாகவோ வலமாகவோ சிறிதும் நகராது, ஆகவே அத்திசையில் கதிர்வீச்சு கோட்பாட்டளவில் பூச்சியம். மின்காந்த அலை, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அலையும் குறுக்கலை என்று உயர்தர வகுப்பில் மனனம் செய்த வரியின் நேரடி விளைவு இது. குச்சியை நேரே மேல்நோக்கி வைத்திருந்தாலும், ஹெலிகொப்டர் தலைக்கு மேலே வரும்போது இதே தொல்லை நேரும். குச்சியை மடித்து, உங்கள் மார்புக்குக் குறுக்காகக் கிடையாக வைத்தால், முன்னாலும் மேலேயும் அலை நன்றாகச் செல்லும். வலுக்குறைந்த திசைகள் உங்கள் இடத்துக்கும் வலத்துக்கும் ஒதுங்கிவிடும். (மலிவான சில றிமோட்டுகளில் வெளியே தெரியும் குச்சி வெறும் அலங்காரம், உண்மையான அன்ரெனா உள்ளே இருக்கும். அவற்றில் றிமோட்டையே திருப்பிப் பார்க்க வேண்டும்.)

வாங்கும் முனையிலும் இதே கணக்குத்தான். 2.4 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்றிமீற்றர், அதன் காற்பங்கு ஏறத்தாழ 31 மில்லிமீற்றர். சற்றுப் பெரிய மாதிரிகளின் றிசீவரிலிருந்து நீளும் மெல்லிய வயரின் நுனியில் உறையின்றி இருக்கும் அந்தச் சிறு துண்டே அலையைப் பிடிக்கிறது. அது வெட்டுப்பட்டாலோ, மின்னைக் கடத்தும் காபன் நார்ச் சட்டத்துடன் ஒட்டிக் கிடந்தாலோ பயனில்லை. வரும் அலையின் மின்புலம் அத்துண்டின் நீளவாக்கில் இருந்தால்தான் அதிலுள்ள இலத்திரன்கள் ஓடும். இரண்டுக்கும் இடையே 60 பாகை விலகல் இருந்தால் வலு நாலில் ஒன்றாகிவிடும். 90 பாகையில், சுவரிலோ தகரக் கூரையிலோ பட்டுத் திரும்பும் அலைதான் கைகொடுக்கும். விறாந்தையில் இப்படித் தெறிக்கும் அலைகளுக்குக் குறைவில்லை, வெட்டவெளியில் அவை மிகச் சில. சாய்ந்தும் சுழன்றும் பறக்கும் ஹெலிகொப்டரில் கோணம் ஓயாது மாறுவதால், நல்ல றிசீவர்கள் இரண்டு அன்ரெனாக்களைக் கொண்டிருக்கும். அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்த வேண்டும். பலர் இரண்டையும் ஒரே பக்கமாக, அழகாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

அலையின் மின்புலம் குறிப்பிட்ட ஒரு திசையில் அலையும் இந்தப் பண்பை, அதாவது முனைவாக்கத்தை, 1888இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸ் கம்பி வலை ஒன்றால் காட்டினார். நம் பாடசாலைகளில் இது இன்றும் கரும்பலகைப் படமாகவே இருக்கிறது. ஆய்வுகூட ஒதுக்கீட்டில் இத்தகைய பொம்மை ஒன்றுக்கு இடம் கொடுத்தால் மாணவர்கள் கண்ணாலேயே காண்பார்கள் என்பது என் எண்ணம்.

கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தறிய, சுழலித் தகடுகளைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஹெலிகொப்டரைத் தூக்கிக்கொண்டு வெளியில் தூரமாக நடக்கட்டும். றிமோட்டில் வலுவைக் குறைத்துச் சோதிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அவர் அதை எல்லாப் பக்கமும் திருப்பும்போது குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் கட்டுப்பாடு தப்பினால் அன்ரெனாவைத் திருத்துங்கள். எந்தக் கோணத்திலும் தப்பாமல், தகடுகளைப் பூட்டிப் பறக்கவிடும்போது மட்டும் தப்பினால் பற்றரியையும் அதன் இணைப்பு வயர்களையும் பாருங்கள்.