கண் நரம்புக்கு என்று வாங்கும் லுட்டீன் மாத்திரை

சர்க்கரையால் விழித்திரையில் கசிவு தொடங்கியவரிடம் லேசரோ கண் ஊசியோ தேவை என்று சொன்னால், இப்போதெல்லாம் அடிக்கடி வரும் பதில் இது: "ஆறு மாசமா லுட்டீன் போடுறேன் டாக்டர், பூவிலிருந்து எடுத்ததாம், நரம்பைச் சரி பண்ணிடும்னாங்க." அந்த ஆறு மாதத்தில் கசிவு, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வரை வந்திருக்கும். எத்தனை பேரிடம்தான் இதையே சொல்வது?

லுட்டீன் நல்ல பொருள்தான். செண்டுமல்லி இதழில் உள்ள மஞ்சள் நிறமியான அது, ஜியாக்சாந்தின் என்ற இன்னொரு நிறமியோடு சேர்ந்து நம் மாக்குலாவிலும் படிந்து நீல ஒளியை வடிகட்டுகிறது. ஆனால் வைட்டமின்கள், துத்தநாகத்தோடு சேர்த்து மாத்திரையாகக் கொடுப்பதற்கு உறுதியான ஆதாரம் இருப்பது ஒரு நோய்க்கு மட்டுமே: வயதானால் வரும் மாக்குலா சிதைவு. அதிலும் இடைநிலைக் கட்டத்தில், அல்லது ஒரு கண் மட்டும் முற்றிவிட்ட நிலையில். இந்த நோய்க்காக அமெரிக்காவில் நடந்து 2001-இல் வெளியான ஏஆர்இடிஎஸ் (AREDS) ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 5 ஆண்டுகளில் 100-க்கு 28 பேர் முற்றிய நிலைக்குப் போனார்கள்; வைட்டமின்களும் துத்தநாகமும் எடுத்தவர்களில் 20 பேர். போன பார்வையை மாத்திரை திருப்பித் தரவில்லை. நோயின் வேகம் குறைந்தது, அவ்வளவுதான்.

"செடியிலிருந்து வந்ததுதானே, என்ன கெடுதல்?" இந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆய்வின் மருந்தில் இருந்த பீட்டா கரோட்டினும் கேரட்டில் இருப்பதுதான். அதையே அதிக அளவில் மாத்திரையாக எடுத்தபோது, புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. அதனால்தான் 2013-இல் வெளியான இரண்டாம் ஆய்வு, அதற்குப் பதிலாக 10 மி.கி. லுட்டீனையும் 2 மி.கி. ஜியாக்சாந்தினையும் வைத்துப் பார்த்தது. இன்னும் கேளுங்கள்: சின்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் குவினைன் அளவு மீறினால் விழித்திரையையே பாதித்துப் பார்வையைப் பறிக்கும். மஞ்சளின் குர்குமின் ஆய்வகத் தட்டில் விழித்திரைச் செல்களைக் காப்பாற்றுவது உண்மை. ஆனால் தட்டில் அது செல்லின் மேலேயே ஊற்றப்படுகிறது. வாயால் விழுங்கினால் குடலிலேயே பெரும்பகுதி நின்றுவிடும்.

மாத்திரை வாங்குவதாகவே இருந்தால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். "லுட்டீன் 20% சாறு 10 மி.கி." என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் லுட்டீன் 2 மி.கி.தான். 80 மி.கி. துத்தநாகம் இருந்தால் 2 மி.கி. தாமிரமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் தாமிரக் குறைவால் இரத்தசோகை வரலாம். பரம்பரையாக வரும் விழித்திரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா இருப்பவர்கள் 400 யூனிட் வைட்டமின் ஈ உள்ளதைத் தொடவே கூடாது. அந்த நோயில் அது பார்வை இழப்பை வேகப்படுத்தும்.

மற்றவர்களுக்குக் கீரையே போதும். வேகவைத்த பாலக் கீரை 100 கிராமில் 10 மி.கி. அளவுக்கு லுட்டீன் இருக்கிறது. எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். கொழுப்பு இல்லாமல் அது உடலில் சரியாகச் சேராது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு சாப்பிடுங்கள், பொட்டாசியம் ஏறும்.

டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த அன்றே கண் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். பிறகு வருடம் ஒருமுறை. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டும், கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்தது கணக்கில் வராது. பார்வை தெளிவாக இருக்கும்போதே கசிவு தொடங்கிவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, ஜன்னல் கம்பியையோ தரை டைல்ஸ் கோட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். நேர்க்கோடு வளைந்தாலும், நடுவில் கருப்பாக மறைத்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். மின்னல் வெட்டு, திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது போன்ற மறைப்பு என்றால் அன்றைக்கே. தயவுசெய்து, மாத்திரை டப்பா தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.