வர்த்தகச் சங்கம் அல்ல, தொழிற்சங்கம்

‘ஊதிய உயர்வு கேட்டு வர்த்தகச் சங்கம் வேலைநிறுத்தம்’ என்று ஒரு தலைப்பு. வணிகர்கள் கடையடைப்பார்கள், ஊதிய உயர்வை யாரிடம் கேட்பார்கள்? உள்ளே படித்தால் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய செய்தி. ‘டிரேட் யூனியன்’ என்பதை இப்படிப் பெயர்ப்பது பெருகிவிட்டது.

‘டிரேட்’ முதலில் தடத்தைக் குறித்தது. பிறகு ஒருவர் வழக்கமாகச் செய்யும் கைத்தொழிலையும், வாணிகத்தையும் குறித்தது. தச்சர், தையற்காரர், அச்சுக்கோப்பவர் என ஒரே தொழில் செய்தவர்கள் சேர்ந்து அமைத்தவையே தொடக்ககால யூனியன்கள். ஆகவே இங்கே தொழில்தான் பொருள்.

வர்த்தகச் சங்கம் என்பது வெறும் பிழையன்று, பொருளையே தலைகீழாக்குவது. தனியாக நின்று கூலி கேட்பவரை முதலாளி அன்றைக்கே நிறுத்திவிடலாம். வேலை நின்றாலும் முதலாளி கையிருப்பைக் கொண்டு ஓராண்டு, ஈராண்டு தாங்குவார், பல தொழிலாளர்களால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். அந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்டத்தான் சங்கம். இங்கிலாந்தில் 1799, 1800 சட்டங்கள் இப்படிக் கூடுவதையே குற்றமாக்கின. 1824இல்தான் அவை நீக்கப்பட்டன. சிறைக்கு அஞ்சாமல் கூடியவர்களின் அமைப்புக்கு வணிகர் பெயரைச் சூட்டுவது அநியாயம்.

‘சங்கம் வடசொல், ஒன்றியம் என்போம்’ என்கிறார்கள் சிலர். தனித்தமிழ் ஆர்வத்தை மதிக்கிறேன், இந்த இடத்தில் ஏற்க முடியவில்லை. ஒன்றியம் என்றதும் ஊராட்சி ஒன்றியம், ஐரோப்பிய ஒன்றியம் என ஊர்களோ நாடுகளோ இணைந்த அமைப்புதான் மனத்தில் எழுகிறது. ஆட்கள் கூடுவது சங்கம். மணிமேகலையிலேயே வந்துவிட்ட சொல் அது; ‘சங்கத்தில் சேர்ந்தாச்சா?’ என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் சொல். அவர்கள் வாயில் வாழ்வதைப் பிடுங்கிவிட்டு அலுவலக வாடை அடிக்கும் ஒன்றை ஏன் திணிக்க வேண்டும்? தூய்மை வேண்டுவோர் முதலில் ‘வர்த்தக’த்தை விரட்டட்டும். அதுவும் வடசொல்தான், பொருளும் தப்பு.

தொழிற்சங்கத்திலும் ஒரு குறை உண்டு. தொழிலதிபர், தொழில்துறை என்னும்போது ‘தொழில்’ முதலாளி பக்கம் சாய்கிறது. தனியே வரும்போது குழப்பமில்லை, பழகிய சொல். முதலாளிகளின் அமைப்பும் அதே பத்தியில் வந்தால் ‘தொழிலாளர் சங்கம்’ என்று விரித்து எழுதுங்கள். அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த வாக்கியத்தில் யார் யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்திருந்தாலே வர்த்தகம் உள்ளே நுழைந்திருக்காது.