இதயக் கோளாறுபோல் தோன்றும் ஹார்மோன் பாதிப்பு

சிங்கப்பூர் இந்தியர்களிடையே இதய நோயும் நீரிழிவும் அதிகம் என்பதால், புற்றுநோய்க்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை தொடங்கும் நம்மவர்களில் ஏற்கெனவே இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இருப்பார்கள். சிகிச்சையின் ஹார்மோன் பக்கவிளைவுகளை அந்த மாத்திரைகளே மறைத்துவிடக்கூடும் என்பதை அவர்களும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது மிக அவசியம்.

நோயெதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்காதபடி பிடி-1, சிடிஎல்ஏ-4 ஆகிய புரதங்கள் தடுக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப், இப்பிலிமுமாப் போன்ற மருந்துகள் அத்தடையை நீக்குவதால் அணுக்கள் புற்றுக்கட்டியைத் தாக்குகின்றன. இதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆனால் தடை நீங்கிய அணுக்கள் சிலருக்கு ஹார்மோன் சுரப்பிகளையும் தாக்குகின்றன.

பெரும்பாலும் பாதிக்கப்படுவது தைராய்டு. சுரப்பி சிதையும்போது அதில் சேமிக்கப்பட்டிருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிந்து, இதயத் துடிப்பை விரைவுபடுத்தி, சிலருக்கு நெஞ்சுவலியையோ ஒழுங்கற்ற துடிப்பையோ உண்டாக்குகிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலோல் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கோ இந்தப் படபடப்பு தெரியாமலே போகலாம். சில வாரங்களில் ஹார்மோன் வற்றியதும் வரும் சோர்வு, வீக்கம், மூச்சிரைப்பு ஆகியவை இதயச் செயலிழப்பை அப்படியே ஒத்திருக்கும். தைராய்டு ஹார்மோனான தைராக்சினை மாத்திரையாகக் கொடுத்தால் குறை தீரும். ஆயினும் அது இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டுவதால், ரத்தக்குழாய் அடைப்புள்ளவருக்கு வழக்கமாக 12.5 முதல் 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் ஹார்மோனான கார்ட்டிசால் குறைகிறது. பலதுறை மருந்தகத்தில் ரத்த அழுத்தம் 95/60 என்று காட்டும்போது, அழுத்த மாத்திரை அதிகமாகிவிட்டது என்றே முதலில் தோன்றும். கூடவே தலைவலி, வாந்தி, ரத்தத்தில் சோடியம் குறைவு ஆகியவை இருந்தால் அன்றே கார்ட்டிசாலைச் சோதிப்பது நல்லது. கார்ட்டிசால், தைராய்டு ஹார்மோன் இரண்டும் குறைந்திருந்தால், கார்ட்டிசாலை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்ட்டிசோனே முதலில் தரப்பட வேண்டும். தைராக்சினை முந்திக் கொடுத்தால் எஞ்சியுள்ள கார்ட்டிசாலும் விரைவில் கரைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரிதாகக் கணையமும் தாக்கப்பட்டு இன்சுலின் சுரப்பு நின்றுவிடுகிறது. இதயச் செயலிழப்புக்கு எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவரின் சர்க்கரை சிறுநீரில் வெளியேறிவிடுவதால், ரத்தம் ஆபத்தான அளவு அமிலமாகியிருந்தும் சர்க்கரை அளவு அவ்வளவாக உயராமல் இருக்கக்கூடும். ஆகவே வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால், சர்க்கரையுடன், இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோனின் அளவையும் பார்த்தாக வேண்டும்.

பிட்யூட்டரியும் கணையமும் இழந்த செயல்திறனை அநேகமாகத் திரும்பப் பெறுவதில்லை. எனினும் குறைந்த ஹார்மோனை மாத்திரையாகவோ ஊசியாகவோ ஈடுசெய்து, உடல்நிலை சீரானபின் பெரும்பாலோர் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடர முடிகிறது.